வடிவக்காவோட எட்டிதழ்ப் பூ

எங்க அக்கா வடிவாம்பாள் இருபத்தெட்டு வருஷமா ஊர் ஜனங்க மூத்திரத்தை உத்து உத்துப் பார்த்துக்கினு இருக்குது. மூக்கைப் பொத்தாதீங்க. அதான் அது உத்தியோகம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, குறுகலா ஒரு மாடிப்படி ஏறினா ஒரு பரிசோதனை நிலையம் வரும். அங்க மைக்ராஸ்கோப்புக்கு முன்னால குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருக்கறது எங்க அக்காதான். தலைதான் நிமிராதே தவிர வாய் சும்மா இருக்காது. "ஐயோ, ஐயோ, இதைப் பாரேன்!"ன்னு திடீர்னு கத்தும். வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கற பேஷண்டுங்க, நமக்குத்தான் என்னமோ வந்துடுச்சுன்னு வெலவெலத்துப் போயிடுவாங்க. போய்ப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. யாரோட ரத்தத்துலயோ ஒரு வெள்ளையணு, உள்ள ஆரஞ்சு கலர்ல மணி மணியா, புடவையில புட்டா போட்ட மாதிரி இருந்துச்சாம். அதுக்குத்தான் அந்தக் கூச்சல்.

"வடிவாம்பாள், கொஞ்சம் மெதுவா ஆச்சரியப்படுங்கம்மா"ன்னு அங்க இருக்கற டாக்டர் கும்பிட்டே கேட்டுட்டாரு. நடக்கற காரியமா அது?

நான் அதோட தம்பி, ராமலிங்கம். பிள்ளையார்பாளையத்துல தறி. அக்காவை விட மூணு வயசு சின்னவன், கோவத்துல முப்பது வயசு பெரியவன்னு என் பொண்டாட்டி அலமு சொல்லுவா. சொல்லட்டும். எங்க அக்கா மாதிரி ஒண்ணை அக்காவா வெச்சுக்கினு கோவப்படாம இருந்து காட்டட்டும், அப்பால பேசலாம்.

அதுக்குக் கண்ணுல எது பட்டாலும் அழகு. துணி துவைக்கச் சொன்னா வாளியில நுரையைப் பார்த்துக்கினு நிக்கும். "குமிழி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுற எடத்தைப் பாருடா, எங்கயும் மூணு கோடுதான் சேருது"ன்னு சொல்லும். கொய்யாப்பழத்தை வெட்டினா விதை இருக்கற வரிசையைக் காட்டும். தின்ன விடாது. அக்கா வூட்டுக்காரரு, எங்க மாமா ராஜகோபால், பஸ் கண்டக்டர், பொறுமைசாலி. காலையில சட்னிக்கு வெங்காயம் வெட்டிக் குடுன்னு கேட்டுட்டு, அது வெங்காயத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக்கினு நிக்கறதைப் பார்த்து, வெறும் இட்லியைத் தின்னுட்டு டூட்டிக்குப் போன நாளெல்லாம் உண்டு.

ஒரு தடவை மட்டும் அது வூட்டுக்கு வந்து அழுதுச்சு. ஒரு சின்னப் புள்ளையோட ரத்தம். மலேரியா. "மோதிரம் மோதிரமா இருக்குதுடா லிங்கம், கல் வெச்ச மோதிரம். அழகா இருக்குதுன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு. அந்தப் புள்ளைக்கு நூத்தி நாலு டிகிரி காய்ச்சல். எனக்கு என் மேலயே ஆத்திரமா வருது"ன்னுச்சு. அன்னிக்கே ஓடிப்போய் ரிசல்ட்டை டாக்டர் கையில குடுத்ததும் அதுதான். புள்ளை பொழைச்சுக்கிச்சு. அப்புறம்தான் அந்த மோதிரத்தை கிராஃப் நோட்டுல வரைஞ்சுது.

கிராஃப் நோட்டு சமாச்சாரத்தைச் சொல்லணும். எங்க அப்பா டிசைன் போடறவரு. கட்டம் கட்டமா இருக்கற தாள்ல ஒவ்வொரு கட்டமா வண்ணம் அடிச்சு, அதைப் பார்த்து அட்டையில ஓட்டை போட்டு, தறிக்கு மேல இருக்கற ஜக்கார்டு பெட்டியில மாட்டினா, கட்டத்துல இருந்த பூ புடவையில வரும். அப்பா போட்ட டிசைன்ல முந்தானை ஓரத்துல அவரு பேரோட முதல் எழுத்தை ஜரிகையில வெச்சுடுவாரு. அக்காவுக்குப் பதினாறு வயசு இருக்கும்போது, ஒரு மாசம் உக்காந்து ஒரு டிசைன் போட்டுச்சு. தட்டாம்பூச்சியோட றெக்கை. ஓரத்துல தன் பேரைக் கொட்டை எழுத்துல எழுதி அப்பாகிட்ட நீட்டுச்சு. அப்பா கெட்டவரு கிடையாது. ஆனா அவரு அதைச் சரியாக்கூட பார்க்காம, சாயங்காலம் அதே தாள்ல மசால் வடையை மடிச்சுக் கொண்டாந்து எங்க ரெண்டு பேருக்கும் குடுத்தாரு. நான் தின்னேன். அக்கா எண்ணெய் பட்ட றெக்கையையே பார்த்துக்கினு இருந்துச்சு. அதுக்கப்புறம் லேப் படிப்பு படிச்சுது, வேலைக்குப் போச்சு, கல்யாணம் ஆச்சு, செவிலிமேட்டுல வூடு கட்டுச்சு. கிராஃப் நோட்டை மட்டும் விடவே இல்ல. ஸ்லைடுல பார்க்கறதை எல்லாம் கட்டத்துல வரைஞ்சு வரைஞ்சு ஏழு நோட்டு ரொப்பிடுச்சு.

வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எங்க வூட்டுக்கு வரும். தறிக்குப் பொட்டு வெச்சு, சுண்டல் தின்னு முடிச்சதும் கைப்பையிலேருந்து நோட்டு வெளியில வரும். "ஒண்ணே ஒண்ணு போடுடா. ஒரு புடவை. யாராவது ஒருத்தி கட்டிக்கினு போவட்டும், நான் பின்னாலேயே நடந்து பார்த்துக்கறேன்"ன்னு கேக்கும்.

நானும் வருஷா வருஷம் ஒரே பதில்தான் சொல்லுவேன். "தறின்னா சாமி. கால் கழுவாம நான் தறிக்குழியில இறங்கறது கிடையாது. கிருத்திகையன்னிக்கு முட்டை தின்ன கையால நூலைத் தொட மாட்டேன். அதுல போய் உன் பூச்சியையும் புழுவையும் சீக்கையும் ஏத்துவேனா? போக்கா, போய் வேற வேலையைப் பாரு."

அது சிரிச்சுக்கினே நோட்டை மூடிடும். அந்தச் சிரிப்பைப் பார்த்து, இதுக்கு ஒண்ணும் உறைக்கலைன்னு நானும் வுட்டுடுவேன். இப்ப நெனச்சா என்னையே ரெண்டு அறை அறையலாம்னு இருக்குது.

போன சித்திரையில எனக்கு முதுகுல வலி வந்துச்சு. வலின்னா சாதாரண வலியா? தரையில உருண்டேன். தறியில உக்காந்தா எழுந்துக்கறது எனக்குப் பிடிக்காது. காலையில ஆறு மணிக்குக் குழியில காலை வுட்டேன்னா பதினோரு மணி வரைக்கும் அசைய மாட்டேன். தண்ணி குடிச்சா எழுந்து போவணும், எழுந்து போனா கை பதம் போயிடும். அதனால தண்ணியே குடிக்கறதில்ல. வந்தாலும் அடக்கிக்கறது. இருபது வருஷமா இப்படித்தான். அக்கா ஓடிவந்து ஆட்டோவுல தூக்கிப் போட்டு லேபுக்கு இழுத்துக்கினு போச்சு. கையில ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் குடுத்து, போ அந்தப் பக்கம்னுச்சு. வாங்கிக்கினு உள்ள போச்சு. நான் பெஞ்சுல சுருண்டு கெடக்கறேன். அஞ்சு நிமிஷம் ஆச்சு. உள்ளேருந்து வந்துச்சு பாருங்க ஒரு கூச்சல், தெருவுல போன மாடு நின்னுடுச்சு.

"டேய் லிங்கம்! நீ இவ்ளோ பெரிய ஆளாடா!"

"உசுரு போவுதுக்கா, பெரிய ஆளாம்! இன்னா இருக்குது அதுல?"

"யூரிக் ஆசிட். கல்லு. தண்ணியே குடிக்க மாட்டியாடா பாவி?"ன்னு திட்டிக்கினே வெளியில வந்துச்சு. திட்டுற வாய் காதுவரைக்கும் சிரிக்குது. கண்ணு ரெண்டும் பளபளன்னு இருக்குது. எனக்கு அந்த வலியிலயும் எரிச்சல் வந்துச்சே ஒழிய, ஏன்னு கேக்கத் தோணல.

அக்கா உத்தரவுல தினமும் வாழைத்தண்டு சாறு. தறிக்குப் பக்கத்துல ஒரு குடம் தண்ணி. மாகறல் கோயிலுக்குப் போய் என் பேருக்கு அர்ச்சனை வேற பண்ணிட்டு வந்துச்சு. வைகாசி முடியறதுக்குள்ள வலி நின்னுடுச்சு.

ஆனியில அக்கா பொண்ணு புவனேஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளை ஆரணி, பேரு தினகரன், தங்கமான பையன். நான் தாய்மாமன். மாமன் சீர்ல வெக்கற பட்டுப் புடவையை நானே என் கையால நெய்யறேன்னு புவனா பொறந்த அன்னிக்கே சொல்லி வெச்சிருந்தேன். டிசைனுக்கு அலைஞ்சேன். மயிலு, மாங்கா, அன்னம் எல்லாம் பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போச்சு. அப்பத்தான் அக்கா ஒரு கிராஃப் தாளைக் கொண்டாந்து குடுத்துச்சு. நோட்டு கிடையாது, தனித் தாள்.

எட்டிதழ்ப் பூ. அந்த மாதிரி ஒரு பூவை நான் பார்த்ததே இல்ல. ஒவ்வொரு இதழும் பட்டை தீட்டின மாதிரி கூரா, நடுவுலேருந்து விரியுது. ஒரு இதழ் மாதிரி இன்னொண்ணு இல்ல, ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை, ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சிருக்குது. ஆனா மொத்தமாப் பார்த்தா கோணல்னு சொல்ல முடியாது. பொன் நிறத்துல வரைஞ்சிருந்துச்சு. ஜரிகைக்குன்னே பொறந்த பூ.

"எந்தக் கோயில்க்கா இது?"ன்னு கேட்டேன்.

"உனக்கு நல்லா தெரிஞ்ச எடம்தான்."

"மாகறலா?"

அக்கா சிரிச்சுது. போன மாசம்தானே அங்க போய்ட்டு வந்துச்சு, தூண்ல எதையோ பார்த்து வரைஞ்சிருக்குதுன்னு நானே முடிவு கட்டிக்கினேன். என் புத்தி இருக்குதே!

அரக்கு கலர் உடம்பு, மயில்கழுத்து பார்டர், உடம்பு முழுக்க அந்தப் பூ. தறியில முதல் பூ எழும்பின அன்னிக்கு எனக்குத் தலைகால் புரியல. "அலமு! அலமு!"ன்னு கத்தினேன். அடுப்புல பாலை வெச்சவ அப்படியே ஓடி வந்தா, பால் பொங்கி ஊத்துது, ரெண்டு பேரும் பூவைப் பார்த்துக்கினு நிக்கறோம். எங்க அக்கா பாடு இதுதானோன்னு அன்னிக்கு எனக்கு லேசா ஒரு சந்தேகம் வந்துச்சு. அதுக்கப்புறம் தெரு முழுக்கப் பீத்தல்தான். டீக்கடையில சொன்னேன், நூல் வாங்கப் போன எடத்துல சொன்னேன், கோயில் தூண்லேருந்து எடுத்த பூ, வேற எவன்கிட்டயும் கிடையாதுன்னு. ஜனங்க வந்து வந்து பார்த்துட்டுப் போச்சுங்க. ரெண்டு பேரு தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாங்க.

இதைக் கேள்விப்பட்டு ஆரணியிலேருந்து சம்பந்தி வந்துட்டாரு. வேணுகோபால்னு பேரு, ட்ராயிங் மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவரு. தறிக்கு முன்னால குனிஞ்சாரு, அரை மணி நேரம் எழுந்துக்கல. "இப்படி ஒரு இதழ் அமைப்பை எந்தக் கோயில்லயும் நான் பார்த்ததில்லீங்களே. அந்தத் தூணை நான் பார்த்தே ஆவணும்"னுட்டாரு.

ஆடி கடைசி ஞாயித்துக்கிழமை ஒரு காரை வெச்சுக்கினு கெளம்பினோம். நான், அலமு, அக்கா, சம்பந்தி. கல்யாணத்துக்கு எட்டு நாள். புடவையில முந்தானை மட்டும் பாக்கி. அக்கா வர மாட்டேன் வர மாட்டேன்னு ஒரே முரண்டு. தலைவலின்னுச்சு, வேலைன்னுச்சு. நான்தான் கையைப் புடிச்சு ஏத்தினேன்.

மாகறல்ல இறங்கி, சாமி கும்பிட்டு, முதல் தூணுக்குப் போனேன். தாமரை இருந்துச்சு. ரெண்டாவதுல யாளி. மூணாவதுல ஏதோ ஒரு மிருகம். சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கினு ஒவ்வொரு தூணா மண்டி போட்டுத் தேடறாரு. அலமு மொபைல்ல டார்ச் அடிக்கறா. நான் அந்தப் பக்கம் ஓடறேன், இந்தப் பக்கம் ஓடறேன். "இங்கதாங்க எங்கயோ..." வேர்த்து ஊத்துது. குருக்கள் பார்த்துட்டு வந்தாரு.

"என்ன தொலைச்சுட்டேள்?"

"பூ சாமி."

"வாசல்லயே விக்கறாளே!"

நான் தலையில அடிச்சுக்கினு அக்காவைத் தேடினேன். ஒரு தூணுக்குப் பின்னால, முந்தானையை வாய்க்குள்ள திணிச்சுக்கினு, தோள் குலுங்க நிக்குது. அழுவுதுன்னு நெனச்சுக்கினு பதறிப்போய்க் கிட்டப் போனா, சிரிப்பு! சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி. என்னைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில நின்னுடுச்சு. கையைப் புடிச்சு வெளியில குளத்துப் பக்கம் இழுத்துக்கினு வந்துச்சு.

"லிங்கம், அது இங்க இல்லடா."

"பின்ன? தெரிஞ்ச எடம்னியே!"

"ஆமாண்டா. சித்திரையில ஒரு டப்பா குடுத்தியே."

எனக்கு அப்பவும் விளங்கல. அக்கா விரலை நீட்டி என் வயித்துக்குக் கீழ காட்டுச்சு.

"உன்னுதுடா அது. உன் கல்லு. மைக்ராஸ்கோப்புல பார்த்தா பூவா இருந்துச்சு."

வாயைத் தொறந்தா வெறும் காத்துதான் வருது. அப்புறம் வந்துச்சு பாருங்க. "என் தறியில மூத்திரத்தை ஏத்திட்டியேக்கா!"ன்னு நான் போட்ட சத்தத்துல பூ விக்கற பொம்பளை கூடையோட திரும்பிப் பார்த்தா. "ஊரு ஜனம் கண்ணுல ஒத்திக்கினு போச்சே! கண்ணுல! நான் இன்னா பதில் சொல்லுவேன்? அறுத்துடறேன். இன்னிக்கே போய் அறுத்துப் போட்டுடறேன். கடையில ஒரு புடவை வாங்கி சீர் வெச்சுக்கறேன்."

சம்பந்தி வந்துட்டாரு. "கெடைச்சுதா?"ன்னாரு. "பூட்டின மண்டபத்துல இருக்குதாங்க"ன்னு ஒரு பொய்யைச் சொன்னேன். "பரவால்ல, எந்த மண்டபம்னு கல்யாணத்தன்னிக்குச் சொல்லுங்க, நான் அனுமதி வாங்கிப் பார்த்துக்கறேன்"னாரு மனுஷன்.

திரும்பி வர்ற வழியில ஒரு வயல் பூரா கொக்கு எறங்கியிருந்துச்சு, பச்சையில வெள்ளை வெள்ளையா. வேற நாளா இருந்தா அக்கா காரை நிறுத்தச் சொல்லிக் குதிச்சிருக்கும். இப்ப மடியைப் பார்த்துக்கினு உக்காந்திருந்துச்சு. செவிலிமேட்டுல இறங்கறப்பதான் வாயைத் தொறந்துச்சு.

"அறுத்துக்கோடா. உன் தறி. ஏமாத்தினது என் தப்புதான், முன்னாலயே சொல்லியிருந்தா நீ தொட்டிருக்க மாட்ட. ஆனா அறுக்கறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை வந்து பாரு. இருபத்தெட்டு வருஷமா கூப்புடறேன். ஒரு நாள் வந்து பார்த்தியா?"

வூட்டுக்குப் போனதும் கத்திரியை எடுத்துக்கினு தறிகிட்ட நின்னேன். அலமு எதிர்ல வந்து நின்னா. இடுப்புல கை.

"இன்னா பண்ணப்போற?"

"தீட்டுடி. தறியில தீட்டு."

"தண்ணி குடிக்காம, எழுந்து போவாம, இருபது வருஷம் இதே குழியில உக்காந்துக்கினு அடக்கி அடக்கி வெச்ச. அதுல வெளைஞ்ச கல்லு. இந்தத் தறியாலதானே வந்துது? தறியோடது தறிக்கே வந்துச்சு, இதுல இன்னா தீட்டு? கத்திரியை வெச்சுட்டுச் சாப்புட வா."

இவளுக்கு இதெல்லாம் எங்கேருந்துதான் வருதோ. சாப்புட்டேன். ஆனா கோவம் அடங்கல. அக்கா சொன்னது வேற காதுலயே நின்னுக்கினு இருந்துச்சு.

காலையில லேபுக்குப் போனேன். படியேறும்போதே, பார்த்துட்டு நாலு வார்த்தை திட்டிட்டு வரணும்னுதான் ஏறினேன். அக்கா என்னைப் பார்த்ததும் ஒரு டப்பாவை நீட்டுச்சு.

"இன்னாத்துக்கு?"

"பழசு இருக்குமாடா மூணு மாசமா? புதுசு குடு."

குடுத்தேன். அது ஸ்லைடு போட்டுச்சு. குனிஞ்சுது. நகர்த்துது, நகர்த்துது, நகர்த்திக்கினே இருக்குது. கூச்சலே வரல.

"இன்னாக்கா?"

"ஒண்ணும் இல்லடா. சுத்தமா இருக்குது. வாழைத்தண்டு வேலை செஞ்சுடுச்சு. நல்ல சேதிதான்."

நல்ல சேதிதான். சந்தோஷப்படணும். ஆனா எனக்கு இன்னா ஆச்சுன்னு நினைக்கறீங்க? சொத்தைப் பறி குடுத்தவன் மாதிரி ஆயிட்டேன். "நல்லா பாருக்கா! மூலையில பாரு! ஒண்ணு கூடவா இல்ல?"ன்னு கெஞ்சறேன். அறுக்கணும்னு கத்திரி எடுத்தவன் நான்! அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துட்டுத் திரும்பக் குனிஞ்சுது. கால் மணி நேரம். அப்புறம் மெதுவா, "வா"ன்னுச்சு.

முதல்ல என் கண் முடிதான் தெரிஞ்சுது. அப்புறம் வெறும் வெளிச்சம். அப்புறம் நடுவுல, ஒண்ணே ஒண்ணு. குட்டியா, மூணு இதழ் கூட முழுசா விரியல. தேன் கலர்ல நிக்குது. பக்கத்துல எதுவுமே இல்ல. அம்மாடி!

"இரு, இன்னும் முடியல"ன்னு சொல்லிட்டு அக்கா பழைய கால்குலேட்டர் மூஞ்சியிலேருந்து உரிச்ச, வெளிச்சத்தை வடிகட்டுற ரெண்டு துண்டு ஃபிலிமை எடுத்துச்சு. ஒண்ணை ஸ்லைடுக்குக் கீழ வெச்சுது, இன்னொண்ணை மேல வெச்சு லேசாத் திருப்புச்சு. சுத்தி எல்லாம் கும்மிருட்டாயிடுச்சு. அந்தப் பூ மட்டும் பத்திக்கிச்சு. நீலம், பச்சை, நடுவுல செவப்பு. இன்னும் கொஞ்சம் திருப்புச்சு, நீலமும் பச்சையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஓடி மயில்கழுத்தாச்சு. என் பார்டர் கலரு! நானே, ஒண்ணும் தெரியாம, கடையில முப்பது நூலைப் புரட்டிப் பார்த்து எடுத்த அதே கலரு!

"ஐயோ, ஐயோ, இதைப் பாரேன்!"ன்னு யாரோ கத்தறாங்க. நான்தான்.

வெளியில பெஞ்சுல ஒரு பெரியவர் "முருகா"ன்னு எழுந்து நின்னுட்டாராம்.

நான் நிமிர்ந்தப்ப அக்கா மூஞ்சியைப் பார்க்க முடியல எனக்கு. எனக்குள்ள இருந்ததை எனக்குக் காட்டறதுக்கு இந்த மனுஷி இத்தனை வருஷமா நோட்டைத் தூக்கிக்கினு நடந்திருக்குது, நான் சுண்டலைத் தின்னுட்டுப் போன்னு சொல்லியிருக்கறேன். "மன்னிச்சுக்கோக்கா"ன்னேன். "சரி சரி, தள்ளு, நான் இன்னொரு தடவை பார்க்கணும்"னு என்னை இடிச்சுத் தள்ளிட்டு உக்காந்துச்சு.

அன்னிக்கே கால் கழுவி, விபூதி வெச்சுக்கினு குழியில இறங்கினேன். ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டுத்தான். முந்தானை ஓரத்துக்கு மட்டும் புதுசா அட்டை அடிக்கச் சொன்னேன். இன்னாத்துக்குன்னு அலமுகிட்ட கூட சொல்லல.

கல்யாணம் ஓரிக்கை ரோட்டு மண்டபத்துல. சீர்த்தட்டு வரிசையா வந்துச்சு. அலமு புடவைத் தட்டைத் தூக்கிக்கினு முன்னால நடந்தா. சபையில பிரிச்சு வெச்சதும் "அடேயப்பா"ன்னு ஒரு சத்தம் எழும்புச்சு. சம்பந்தி விடுவாரா?

"ராமலிங்கம், எந்த மண்டபம்னு இன்னும் சொல்லலையே?"

மேளம் அப்பத்தான் நின்னிருந்துச்சு. எல்லா மூஞ்சியும் என் பக்கம். அக்கா தூரத்துலேருந்து தலையை ஆட்டுது, வேணாம், சொல்லாத, அப்படீன்னு. நானும் ஒரு பொய்யை யோசிச்சுத்தான் வெச்சிருந்தேன். வாயில வரல.

"எந்த மண்டபத்துலயும் இல்லீங்க. இது எங்க அக்கா டிசைன்"னு சொல்லிட்டு முந்தானை ஓரத்தைத் திருப்பிக் காட்டினேன். ஜரிகையில மூணு எழுத்து. வடிவு.

அக்கா கிட்ட வந்துச்சு. குனிஞ்சுது. விரலால அந்த எழுத்தைத் தடவுச்சு. ஒரு சத்தம் இல்ல.

"எதைப் பார்த்தும்மா வரைஞ்சீங்க?"ன்னு சம்பந்தி அதுகிட்டயே கேட்டாரு.

"அது ஒரு பேஷண்டோட சமாச்சாரம். வெளியில சொல்றது தப்புங்க"ன்னுச்சு அக்கா, தலையை நிமிர்த்தாமலே.

"அந்தப் பேஷண்டு நான்தாங்க"ன்னு சொல்லிட்டேன். சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த முடியுதா? கல்லு, வலி, டப்பா, வாழைத்தண்டு, கால்குலேட்டர் ஃபிலிம், மயில்கழுத்து, எல்லாத்தையும் கொட்டிட்டேன். அலமு முதுகுல கிள்ளுறா, கிள்ளுறா, நான் நிறுத்தல. முடிச்சப்ப மண்டபத்துல ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குது. மாப்பிள்ளை வூட்டு அத்தை ஒருத்தங்க புடவையைத் தொட்ட கையைத் தனியாத் தூக்கிப் புடிச்சுக்கினு நிக்கறாங்க. செத்தோம்னு நெனச்சேன். மணமேடையிலேருந்து புவனாதான் கத்தினா, "மாமா, எனக்கு ஆனி மாசமே தெரியும்! அம்மா மைக்ராஸ்கோப்பு வழியா எடுத்த போட்டோ காட்டுச்சு. அது வேணும்னு கேட்டதே நான்தான்!"

சம்பந்தி கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மறுபடியும் மாட்டிக்கினாரு. புடவையை மூஞ்சிக்கு நேரா தூக்கி ஒரு பூவை ரொம்ப நேரம் பார்த்தாரு. அப்புறம் அக்காகிட்ட குனிஞ்சு, ரகசியம் பேசற மாதிரிதான் கேட்டாரு, ஆனா அவ்ளோ அமைதியில எல்லாருக்கும் கேட்டுடுச்சு.

"ஏம்மா, என்னுதுல இன்னா பூ இருக்கும்?"

"காலையில எழுந்ததும் வர்றதுதான் நல்லதுங்க, சம்பந்தி"ன்னு அக்கா எழுத்துமேல வெச்ச விரலை எடுக்காமலே சொல்லுச்சு. "முதல்ல கொஞ்சம் விட்டுட்டு நடுவுல புடிக்கணும். டப்பா நான் தர்றேன்."

மண்டபம் வெடிச்சுது. அந்த அத்தை கூட தூக்கின கையால வாயைப் பொத்திக்கினு சிரிச்சாங்க. நாதஸ்வரக்காரரு சிரிப்பை அடக்கப் பார்த்து பீப்பின்னு ஒரு சத்தம் வந்துச்சு. மறுநாள் காலையில சம்பந்தி வூட்டு ஆளுங்க அஞ்சு பேரு அந்தக் குறுகல் மாடிப்படியில வரிசையில நின்னாங்க, அது வேற கதை.

முகூர்த்தம் முடிஞ்சு புவனா என் பட்டைக் கட்டிக்கினு வந்து நின்னா. போட்டோ எடுக்கறவரு எல்லாரையும் வரிசையா நிறுத்தினாரு. அக்கா பொண்ணுக்குப் பின்னால நின்னுச்சு, முந்தானை ஓரத்தைக் கையில புடிச்சுக்கினு. "அம்மா, கேமராவைப் பாருங்க. அம்மா, உங்களைத்தான், இங்க பாருங்க"ன்னு அவரும் தொண்டை வறளக் கத்திப் பார்த்தாரு. ஆல்பம் வந்துடுச்சு. எல்லாப் போட்டோலயும் எங்க அக்கா குனிஞ்சுதான் நிக்குது.